கணினி தானாகத் துப்புரவு செய்வது எதை?

“சிஸ்டத்துல அழிஞ்சி பெய்த்து.” கல்முனைப் பக்கம் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. இழப்பீட்டு விண்ணப்பம், வீட்டுத்திட்டப் பட்டியல், காணாமற்போனவரின் பதிவு என எதைத் தேடிப் போனாலும் இந்தப் பதில் வரலாம். கணினி சிலவற்றைத் தானாகவே துப்புரவு செய்வது உண்மைதான். அது எதைத் துப்புரவு செய்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

தற்காலிக நினைவகம்

ஒரு மென்பொருள் இயங்கும்போது, தனக்குத் தேவையான தரவுகளைக் கணினியின் தற்காலிக நினைவகத்தில் சிறு சிறு பொருள்களாக உருவாக்கிக்கொள்கிறது. நீங்கள் ஒரு பெயரைத் தேடினால், அந்தப் பெயர், வயது, ஊர் ஆகியன சேர்ந்து அங்கே ஒரு பொருளாகும். வேலை முடிந்ததும் அந்த இடம் விடுவிக்கப்பட வேண்டும். சி மொழியில் இதை நிரலாளரே செய்யவேண்டும். மறந்தால் நினைவகம் நிரம்பும். முந்திவிட்டால் மென்பொருள் குழம்பும்.

இந்தச் சுமையை இறக்கிவைத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜோன் மெக்கார்த்தி. லிஸ்ப் மொழி பற்றி 1960இல் வெளியான தன் கட்டுரையில், நினைவகத்தைத் தானாக மீட்கும் வழியை அவர் விளக்கினார். ‘கார்பேஜ் கலெக்ஷன்’ என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாடு இன்று ஜாவா, பைதன், ஜாவாஸ்கிரிப்ட் எனப் பல மொழிகளில் உண்டு.

எது கழிவு?

கரையில் கட்டிய தோணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோணியிலும் எத்தனை கயிறு கட்டியிருக்கிறது என்று எண்ணி, ஒன்றும் இல்லாததை விட்டுவிடலாம். இது எண்ணும் முறை. 1960இலேயே ஜோர்ஜ் கொலின்ஸ் இதை முன்வைத்தார். மெக்கார்த்தியின் முறை வேறு. கரையிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய், எட்டிய தோணிகளுக்கெல்லாம் அடையாளமிட்டு, மீதியைக் கழிப்பது.

இரண்டு தோணிகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, கரையோடு தொடர்பற்று மிதந்தால்? எண்ணிப் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு தெரியும், அவை கழிக்கப்படமாட்டா. கரையிலிருந்து போகிறவர் அவற்றை எட்டவே மாட்டார். எண்ணும் முறையைப் பயன்படுத்தும் பைதனும் பிஎச்பியும் இப்படிப் பிணைந்தவற்றைக் கண்டுபிடிக்கத் தனி வழியைச் சேர்த்துக்கொண்டன. பிஎச்பிக்கு அது 2009இல், 5.3 பதிப்பில்தான் வந்தது.

இரண்டு முறையும் பொருளின் பெறுமதியைப் பார்ப்பதில்லை. மென்பொருளால் அதை இனி எட்டமுடியுமா என்பது ஒன்றே கேள்வி.

சஹானாவில் இருந்த பெயர்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேற்பட்டோர். அந்த நாட்களில் இலங்கையின் தன்னார்வ மென்பொருளாளர்கள் ‘சஹானா’ என்ற திறந்தமூல மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் இதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றைப் பதிய அது உதவியது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது.

சஹானா முதலில் பிஎச்பியில் எழுதப்பட்டது. ஒருவர் பெயரைத் தேடி, விடை திரையில் வந்ததும், அந்தத் தேடலுக்காக உருவான பொருள்கள் எல்லாம் நினைவகத்திலிருந்து நீங்கிவிடும். பெயரோ வன்தட்டிலுள்ள தரவுத்தளத்தில் அப்படியே இருக்கும். தானியங்கித் துப்புரவு அந்தத் தரவுத்தளத்தைத் தொடுவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, சேமித்த பதிவு ஒன்று காணாமற்போனால் அதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும். யாரோ அழிக்கும் கட்டளை கொடுத்திருக்கலாம். காலக்கெடு வைத்து அழிக்கும்படி அமைத்திருக்கலாம். வன்தட்டுப் பழுதாகிப் பிரதி இல்லாமல் போயிருக்கலாம். முதலிலேயே சேமிக்காமல் விட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மனிதரின் செயலோ கவனமின்மையோ உண்டு.

அடுத்த முறை அந்தப் பதில் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எப்போது அழிந்தது? அழிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? காப்புப் பிரதி எங்கே இருக்கிறது? பதிலை எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களிடம் அதைக் கேட்க நமக்கு இடம் தருகிறது. விண்ணப்பப் பிரதியையும் பதிவு இலக்கத்தையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள்.