மருந்துண்பவரின் குருதியும் சமுதாயத்தின் வாய்மையும்

இரத்ததானம் செய்ய முன்வருபவரிடம், அவர் கையில் ஊசி ஏறுமுன், சில வினாக்கள் கேட்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, 'நீர் மருந்து ஏதேனும் உட்கொண்டு வருகின்றீரா?' என்பது. சலரோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் குளிசை விழுங்குவோர் ஊர்தோறும் வாழும் காலம் இது. அவர்களுட் பலர் இவ்வினாவைக் கண்டதும், 'நமது இரத்தம் இனி எவருக்கும் உதவாது' என்று எண்ணித் திரும்பிவிடுகின்றனர். வேறு சிலரோ, கொடுத்தே தீரவேண்டும் என்ற ஆர்வத்தாலோ, நோயாளி என்று பிறர் அறிந்துவிடுவரே என்ற நாணத்தாலோ, 'இல்லை' என்று விடையளித்துவிடுகின்றனர். இரு சாராரும் நல்லெண்ணம் உடையவரே. ஆயினும் அவ்வினா எதற்காகக் கேட்கப்படுகின்றது என்பதை இரு சாராருக்கும் எவரும் எடுத்துரைத்ததில்லை. அதன் வரலாற்றை ஆராயப் புகுந்தால், மருத்துவத்தோடு பொருளாதாரமும் அவ்வினாவினுள் அடங்கிக் கிடப்பதை நாம் காண்போம்.

1901ஆம் ஆண்டில் வியன்னா நகரைச் சேர்ந்த கார்ல் லான்ட்ஸ்டைனர், மனித இரத்தம் பல வகைப்பட்டது என்பதை நிறுவினார். அதன் பின்னரே ஒருவர் இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றுதல் அறிவின்பாற்பட்ட செயலாயிற்று. தொடக்கத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே கிடத்தப்பட்டனர். கொடுத்தவர் பெரும்பாலும் உறவினர் அல்லது அயலவர். அவருடைய நோய்நொடிகள் வைத்தியர் கேட்டறியக்கூடியனவாகவே இருந்தன. 1914இல் பிரசெல்சில் ஹஸ்டின் என்பவரும் புவனஸ் அயர்சில் அகோத்தே என்பவரும், சோடியம் சித்திரேற்றுச் சேர்த்தால் இரத்தம் உறையாது என்பதைப் பயன்படுத்திக் காட்டினர். இரத்தத்தைச் சேமித்து வைக்கலாம் என்ற நிலை இதனால் உருவாயிற்று. 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டபொழுது, பார்சலோனாவில் டுரான் ஜோர்டா என்ற வைத்தியரும், மட்றிட்டில் கனடா நாட்டுப் பொதுவுடைமையாளரான நோர்மன் பெத்தியூனும் பொதுமக்களின் இரத்தத்தைப் போத்தல்களிற் சேகரித்துப் போர்முனைக்கு அனுப்பினர். பாசிசத்தை எதிர்த்து நின்ற வீரனின் உடலில், அவன் முகமே அறியாத ஒரு தொழிலாளியின் குருதி ஓடியது.

இம்மாற்றம் மகத்தானது. ஆனால் இதன் விளைவொன்றையும் நாம் கருதவேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் இனி ஒருவரை ஒருவர் அறியார். போத்தலில் உள்ள இரத்தம் எத்தகைய உடலிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று, கொடுத்தவரின் வாய்ச்சொல்லே. ஆகவே அவர் உண்மை கூறுவாரா, உண்மை கூறத்தக்க நிலையில் அவரைச் சமுதாயம் வைத்திருக்கின்றதா என்ற வினாக்கள் எழலாயின.

இவ்வினாக்களுக்கு இரு நாடுகள் இரு வேறு விடைகளை அளித்தன. 1921இல் லண்டனில் பேர்சி ஒலிவர் என்பவர், செஞ்சிலுவைச் சங்கத் தோழர்களுடன் சேர்ந்து, கூலி பெறாது இரத்தம் கொடுப்போர் குழுவொன்றை அமைத்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவையும் இந்நெறியையே பின்பற்றியது. அமெரிக்காவிலோ இரத்தம் பெருமளவில் விலைப்பொருளாயிற்று. 1937இல் சிக்காகோவின் பொது வைத்தியசாலை ஒன்றில் பேர்னாட் ஃபன்ரஸ் இரத்தச் சேமிப்பகம் ஒன்றைத் தொடங்கியபொழுது, அதற்கு 'இரத்த வங்கி' என்று பெயரிட்டார். இன்று நாமும் சிந்தியாது வழங்கும் இச்சொல் வணிகத்திலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இரத்தத்தை விற்க வந்தவர் எவர்? வேலையற்றோர், குடியால் வீதிக்கு வந்தோர், சிறைக் கைதிகள் ஆகியோர் அவர்களுட் பலராவர். அன்றைய உணவுக்கு இரத்தத்தின் விலையை நம்பியிருப்பவனிடம், 'உனக்கு ஈரல் நோய் வந்ததுண்டா? மருந்து உண்கின்றாயா?' என்று கேட்டால், 'ஆம்' என்ற விடை அவனைப் பட்டினி போடும். 'இல்லை' என்ற விடை அவனுக்குச் சோறு போடும். விற்கப்பட்ட இரத்தத்தைப் பெற்றோரிடையே ஈரலழற்சி மிகுதியாகக் காணப்படுவதை அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கரட் அலன் எடுத்துக்காட்டினார். 1970இல் லண்டன் பொருளியற் கல்லூரிப் பேராசிரியர் றிச்சட் ரிற்மஸ், இரு நாட்டு முறைகளையும் ஒப்பிட்டு எழுதிய நூலில், இரத்தம் சந்தைக்கு வருமிடத்து வாய்மை சந்தையை விட்டு நீங்குகின்றது என்ற கருத்தை வலியுறுத்தினார். 1978 முதல் அமெரிக்காவில், பணம் பெற்றுக் கொடுத்த இரத்தமா, விரும்பிக் கொடுத்த இரத்தமா என்பதைப் பொதியிற் குறிக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இன்று ஈரலழற்சிக்கும் எய்ட்ஸ் கிருமிக்கும் நுண்ணிய பரிசோதனைகள் உள. ஆயினும் கொடுப்பவர் நேற்று விழுங்கிய குளிசை யாது என்பதை எந்த இரத்த வங்கியும் வழமையாகச் சோதித்துப் பார்ப்பதில்லை. அங்கே இன்றும் அவருடைய சொல்லே சான்று.

அவ்வாறாயின் மருந்துண்பவர் அனைவரையும் விலக்கிவிடுதல் எளிதன்றோ என்று சிலர் கேட்கலாம். அது சோம்பேறித்தனமான விடை. பெரும்பாலான மருந்துகள், கொடுக்கப்படும் இரத்தத்தில் இருக்கும் அளவில், பெறுபவருக்குத் தீங்கு விளைப்பனவல்ல. எனவே மருந்தின் பெயரைக் காட்டிலும், அம்மருந்து எந்நோய்க்கு உண்ணப்படுகின்றது என்பதே பல வேளைகளில் முதன்மையாகக் கருதப்படுகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, மருந்தினால் நன்கு கட்டுப்பட்டு வேறு சிக்கலற்றிருக்கும் இரத்த அழுத்தத்தை ஒரு தடையாகக் கொள்ளவில்லை. உணவுக் கட்டுப்பாட்டாலோ குளிசையாலோ அடங்கியிருக்கும் சலரோகத்துக்கும், வேறு கோளாறுகள் இல்லாதவிடத்து, அது இடமளிக்கின்றது. இன்சுலின் ஏற்றுவோரை அவ்வழிகாட்டி விலக்குகின்றது, பிரித்தானியாவும் விலக்குகின்றது, அமெரிக்காவோ, நோய் கட்டுப்பாட்டில் இருப்பின், அவர்களையும் ஏற்றுக்கொள்கின்றது. நாட்டுக்கு நாடு விதி மாறுபடுவதால், ஓரிடத்து விதியை மனனஞ்செய்து வைத்துப் பயனில்லை. அவ்வவ்விடத்து வைத்தியரிடம் கேட்டலே முறை.

மருந்தே தடையாகும் இடங்களும் உள. அஸ்பிரின் குருதிச் சிறுதட்டுகளின் ஆற்றலை அவற்றின் வாழ்நாள் முழுவதும் கெடுத்துவிடுகின்றது. ஆதலின் சிறுதட்டுகளை மட்டும் தனியே கொடுப்பவர் அதனை உண்டபின் சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துண்பவருக்கு, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காது கசியக்கூடும். சொரியாசிஸ் எனும் நாட்பட்ட தோல்நோய்க்கு முன்னர் வழங்கப்பட்ட எற்றெற்றினேற்று என்ற மருந்து, உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்காகத் தங்கிக் கருவிலுள்ள சிசுவைச் சிதைக்க வல்லது. இரத்தம் பெறுபவள் ஒரு கர்ப்பிணியாக இருக்கலாம் அல்லவா? ஆகவே அதனை ஒருமுறை உண்டவரும் வாழ்நாள் முழுவதும் விலக்கப்பட்டனர். அதன் வழித்தோன்றலான அசிற்றெற்றின் உண்டவர் அமெரிக்காவில் மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டும். எய்ட்ஸ் கிருமி தொற்றாதிருக்க உண்ணப்படும் மருந்தோ, தொற்று ஏற்பட்டிருப்பின் அதனைப் பரிசோதனைக்கு எட்டாதவாறு மறைத்துவிடக்கூடும். இங்கே ஒரு பொய் விடை மற்றோர் உயிரைப் பறித்தாலும் பறிக்கும்.

விலக்குகள் யாவும் இவ்வாறு காரணத்தின் மேல் எழுந்தவையல்ல என்பதையும் வரலாறு கூறுகின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பின மக்களின் இரத்தத்தை முதலில் ஏற்க மறுத்தது. பின்னர் ஏற்று, வெள்ளையர் இரத்தத்தோடு கலவாது பிரித்து வைத்தது. 1950இலேயே அவ்வழக்கத்தைக் கைவிட்டது. அதற்கு விஞ்ஞானத்தில் எள்ளளவும் ஆதாரமில்லை. ஆதலின் எந்த விலக்கைக் கண்டாலும், 'இது எவரைக் காக்கின்றது?' என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. கொடுப்பவரையோ பெறுபவரையோ காப்பதாயின் அதனை மதிக்கவேண்டும்; இல்லையேல் எதிர்க்கவேண்டும்.

இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஹீமோகுரோமற்றோசிஸ் எனும் பரம்பரை நோயில், உடலில் இரும்பு மிகையாகச் சேர்கின்றது. அதற்குச் சிகிச்சையே காலந்தோறும் இரத்தத்தை வெளியேற்றுதல்தான். அவ்விரத்தம் அமெரிக்காவில் நெடுங்காலம் பெரும்பாலும் வீணாகக் கொட்டப்பட்டது. அவ்விரத்தம் கெட்டது என்பது அதற்குக் காரணமன்று. சிகிச்சைக்குக் கட்டணம் உண்டு. தானமாகக் கொடுத்தால் கட்டணம் இல்லை. ஆகவே நோயாளி பணத்தை மிச்சம் பிடிக்கத் தன் பிற குறைகளை மறைப்பார் என்று அஞ்சினர். தானத்துக்குத் தகுதியுள்ளவரோ இல்லாதவரோ, அந்நோயாளர் அனைவருக்கும் கட்டணமின்றி இரத்தம் எடுக்கும் நிலையங்கள் அதனை ஏற்றிப் பயன்படுத்தலாம் என்று 2001இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் நெறி வகுத்தது. பொய் சொல்லுதற்கான தேவையை நீக்கியதும், பயனற்றதெனத் தள்ளப்பட்ட இரத்தம் பயனுள்ளதாயிற்று.

சந்தையின் கொடுமைக்கு 2024 மே மாதம் வெளிவந்த பிரித்தானிய விசாரணை அறிக்கை சாட்சி கூறுகின்றது. தன்னாட்டு மக்களிடம் இலவசமாக இரத்தம் பெற்ற அந்நாடே, குருதியுறையாமை நோயாளருக்கான மருந்தை அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அது, விலைக்கு இரத்தம் விற்றோரின் குருதிநீரை ஆயிரக்கணக்கிற் கலந்து ஆக்கப்பட்ட மருந்து. உள்நாட்டு இரத்தத்தைப் பரிசோதிப்பதிலும் அரசு காலந்தாழ்த்தியது. மாசுற்ற இரத்தத்தாலும் இரத்தப் பொருள்களாலும் அந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் நோய்த்தொற்றுக்கு ஆளாயினர். ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர்.

இலங்கை இத்துறையில் தலைநிமிர்ந்து நிற்கின்றது. நம் நாட்டின் தேசிய இரத்த மாற்று சேவை 2014ஆம் ஆண்டளவில், கைம்மாறு கருதாத கொடையாளரின் இரத்தத்தை மட்டுமே கொள்ளும் நிலையை எய்தியது. லான்ட்ஸ்டைனர் பிறந்த நாளாகிய ஜூன் 14ஆம் திகதி கொண்டாடப்படும் உலக இரத்தக் கொடையாளர் தினத்தை அவ்வாண்டில் கொழும்பே முன்னின்று நடத்தியது. செல்வத்தால் நாம் பெரிய நாடல்லேம். எனினும் செல்வ நாடுகள் பல இன்றும் குருதிநீரை விலைக்குக் கொள்ளுகையில், நம் மக்கள் இரத்தத்தை விற்பனைக்கு வைக்காது காத்துள்ளனர்.

பணத்தின் தேவையால் எழும் பொய்யை நாம் நீக்கிவிட்டோம். நாணத்தால் எழும் பொய்யும் அறியாமையால் எழும் அச்சமும் எஞ்சியுள்ளன. அவற்றை நீக்கும் கடமை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது. குளிசை உண்பவர் கெட்ட இரத்தம் உடையவர் அல்லர் என்பதையும், இரத்தம் கொடுப்பதற்காக வைத்தியர் தந்த மருந்தை நிறுத்துதல் பெருந்தவறு என்பதையும், மருந்தின் பெயரையும் உண்ணும் காரணத்தையும் உள்ளவாறு கூறவேண்டும் என்பதையும் நாம் வகுப்பறைகளிலே சொல்லுதல் வேண்டும். முகாமிலிருந்து, 'உம்மிடம் இரத்தம் எடுக்கவியலாது' என்று திருப்பி அனுப்பப்படுபவரும் வெறுங்கையோடு செல்லவில்லை. முகமறியாத ஒரு நோயாளியின் உயிருக்காக அவர் ஓர் உண்மையைக் கொடுத்துச் செல்கின்றார். அதுவும் கொடையே.