குனிந்தால் வலித்த முதுகு, விறைத்துப்போன உள்ளாடை

மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் வரலாற்றை எழுதுவோர் முதலில் பேசுவது இரண்டு லண்டன் நோயாளிகளைப் பற்றி. இருவரும் 2 ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து இறந்தவர்கள்.

முதலாமவர் 39 வயதுப் பெண். இறப்பதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே களைப்பு. குனிந்தால் முதுகில் கடும் வலி. ஒருமுறை கணவர் தூக்கிப் படுக்கைக்குக் கொண்டுபோனபோது தொடையெலும்புகள் இரண்டாய் ஒடிந்ததுபோல் இருந்ததாம். 1844 ஏப்ரலில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்ந்தார்; சில நாளில் உயிர் பிரிந்தது. மஜ்ஜை இருக்கவேண்டிய இடத்தில் சிவந்த பொருள் நிறைந்திருந்ததை, எலும்பைத் திறந்துபார்த்து எழுதினார் அறுவை மருத்துவர் சாமுவேல் சாலி.

இரண்டாமவர் 45 வயது வணிகர். அவருக்கும் களைப்பு. ஒரு குகையிலிருந்து தாவி வெளியே வந்தபோது மார்புக்குள் ஏதோ படக்கென்று விட்டுப்போன வலி. பத்துப் போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், அட்டை விட்டார்கள். பிறகு இரும்புச்சத்தும் குயினினும் கொடுத்ததில் தேறி, ஸ்காட்லாந்துக் குன்றுகளில் ஏறி இறங்கினார். என்னை உறுத்துவது இந்தத் தேறல்தான். சோகைக்கு இரும்பு மாத்திரை, முதுகுக்கு வலி மாத்திரை என்று பிரித்துக் கொடுத்து, கொஞ்சம் குணம் தெரிந்ததும் கோப்பை மூடும் பழக்கம் இன்னும் போகவில்லையே!

ஆனால் வணிகர் ஒன்றைக் கவனித்தார்: சிறுநீர் பட்ட உள்ளாடை விறைத்துப்போகிறது. 1845 அக்டோபர் கடைசியில் மருத்துவர் மேக்கின்டைர் அந்தச் சிறுநீரைச் சோதித்தார். நைட்ரிக் அமிலம் விட்டால் தெளிந்தது, ஆறினால் கெட்டியானது, சூடேற்றினால் மறுபடி இளகியது. ஆல்புமின் இப்படி நடந்துகொள்ளாது. இது என்னவென்று கேட்டு, வேதியியல் அறிந்த மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பினார்கள். அந்தப் புரதத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். வணிகர் 1846 சனவரியில் இறந்துவிட்டார்.

நோயாளியை முதலில் பார்க்கும் மருத்துவருக்கு, சாலியின் எலும்பைவிட மேக்கின்டைரின் சோதனைக் குழாய்தான் அதிகம் கற்றுத்தருகிறது. இதில் ஒரு முரண்: இன்றைய கிளினிக்கில் சிறுநீரில் தோய்க்கும் காகிதப் பட்டை பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும், பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தைத் தவறவிடும். பட்டை சுத்தமாக இருக்கிறதென்று நிம்மதியடைய முடியாது.

இங்கிலாந்தில் இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் முன் குடும்ப மருத்துவரை 3 முறையோ அதற்கு மேலோ பார்த்திருந்தார்கள். 60 வயதைத் தாண்டியவருக்கு முதுகுவலி விடாமல் நீடித்தால் ரத்த அணுக்கள், கால்சியம், இஎஸ்ஆர், கிரியாட்டினின் பாருங்கள்; சந்தேகம் இருந்தால் ரத்தப் புரதப் பகுப்பாய்வும், பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தைத் தேடும் லைட் செயின் சோதனையும் எழுதுங்கள். முடிவு வரும்வரை டைக்ளோஃபீனாக் வலி மாத்திரை வேண்டாம். இந்நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம்.