தேர்ந்தெடுக்கும் உரிமை, திருத்தும் உரிமை

ஒரு பேராசிரியர் தன் வகுப்புக்கென்றே தனிப் பாடநூல் தயாரித்துக்கொள்ள அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, மெக்ரா-ஹில் பதிப்பகம் 1990இல் தொடங்கிய பிரைமிஸ். மற்றொன்று, ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்ஸ். இரண்டையும் சாத்தியமாக்கியது கணினிதான். ஆனால் ஆசிரியரின் கையில் அவை கொடுத்த அதிகாரம் வேறு வேறு.

வழக்கமான ஆஃப்செட் அச்சில் பிளேட் போட்டு இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவதற்குள்ளேயே கணிசமான பணம் போய்விடும். ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். நாற்பது மாணவருக்கு ஒரு நூல் என்பது நடக்காத காரியம். பிரைமிஸ் அந்தத் தடையைத் தகர்த்தது. அத்தியாயங்களும் கட்டுரைகளும் தரவுத்தளத்தில் இருந்தன. ஆசிரியர் வேண்டியதைப் பொறுக்கி வரிசைப்படுத்தினால் போதும். கேட்ட பிரதிகள் மட்டும் அச்சாகி வரும். அனுமதி, ராயல்டி ஆகியவற்றைப் பதிப்பகமே கவனித்துக்கொண்டது.

ஓப்பன்ஸ்டாக்ஸின் வேர், பேராசிரியர் ரிச்சர்ட் பரானியுக் 1999இல் தொடங்கிய கனெக்ஷன்ஸ் திட்டம். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம்.

வேறுபாடு இங்கேதான் துலங்குகிறது. பிரைமிஸில் ஓர் இயற்பியல் ஆசிரியர் ஏழாம் அத்தியாயத்தை விட்டுவிட முடிந்தது. அதற்குள் இருக்கும் ஒரு கணக்கில் கைவைக்க முடியவில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸில் அவரே பேஸ்பால் பற்றிய ஒரு கணக்கை எடுத்துவிட்டுத் தன் மாணவருக்குத் தெரிந்த கிரிக்கெட் பந்தை வைக்கலாம்.

விலையிலும் அதே இடைவெளி. 1986 முதல் 2004 வரை கல்லூரிப் பாடநூல் விலை 186 சதவீதம் உயர்ந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2005இல் கணக்கிட்டது. அதே காலத்தில் பொது விலைவாசி 72 சதவீதமே ஏறியது. மாணவர்களைக் காத்துவந்தது பழைய புத்தகச் சந்தை. ஒரே கல்லூரிக்கென அச்சான நூலுக்கு அந்தச் சந்தையிலும் இடமில்லை. ஆசிரியர் அடுத்த ஆண்டு தேர்வை மாற்றினால் வாங்க ஆளிருக்காது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூலுக்கு இந்தக் கவலையே இல்லை.

திறந்த வழிக்கும் குறையுண்டு. ஓப்பன்ஸ்டாக்ஸ் ஹியூலெட், கேட்ஸ் போன்ற அறக்கட்டளைகளின் நிதியை நம்பி வளர்ந்தது. பிரைமிஸோ தன் விற்பனை வருவாயிலேயே நின்றது. நூலைத் திருத்த உரிமை இருந்தாலும், உட்கார்ந்து திருத்த ஆசிரியருக்கு நேரமும் வேண்டும்.

ஆயினும் காற்று வீசும் திசையை ஒரு நூல் காட்டுகிறது. ஜான் மெக்மரியின் கரிம வேதியியல் 1984இல் வெளியாகிப் பல பதிப்புகளாக விலைக்கு விற்றது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் இறந்த தன் மகனின் நினைவாக, 2023இல் பத்தாம் பதிப்பை அவர் ஓப்பன்ஸ்டாக்ஸ் வழியே இலவசமாக்கினார்.

டிஜிட்டல் அச்சு இரு வழி ஆசிரியர்களுக்கும் பொது. ஒருவரை வாடிக்கையாளராகவும் மற்றவரை நூலாசிரியராகவும் ஆக்குவது உரிமம்தான். பொதுப்பணத்தில் பாடநூல் தயாரிப்போர் செயலி, இயந்திரம் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதைத் தீர்மானித்துவிட வேண்டும். வகுப்பறையை அறிந்த ஆசிரியருக்குத் திருத்தும் உரிமையைத் தந்துவிட வேண்டும்.