சாத்தன்: ஒரு பெயரின் வரவும் மறைவும்

தமிழ் இலக்கணம் கற்கப் புகுந்தோர் எவரும் சாத்தனைச் சந்திக்காமல் இருந்ததில்லை. தொல்காப்பிய உரைகளிலும் நன்னூல் உரைகளிலும் வருபவனும் போபவனும் உண்பவனும் உறங்குபவனும் அவனே. துணைக்கு வருபவன் கொற்றன். வடமொழி இலக்கணத்தில் பதஞ்சலி தேவதத்தனையும் யக்ஞதத்தனையும் எடுத்தாண்டது போலத் தமிழ் உரையாசிரியர்கள் சாத்தனையும் கொற்றனையும் எடுத்தாண்டனர். எடுத்துக்காட்டுக்கென ஒரு பெயர் தேரப்படுவது அஃது எவர்க்கும் பழகிய பெயராய் இருக்கும்போதுதான். அத்தகைய பெயரை இன்று தமிழ்நாட்டில் ஓர் ஆண் குழந்தைக்கு இடுவார் அரியர். இட எண்ணினாலும் சுற்றத்தார் தடுப்பர். அவர் செவியில் அது 'சாத்தான்' என ஒலிக்கும். அவ்வொலி ஒப்புமையே பெயரின் மறைவுக்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. இக்கருத்து மீள்பார்வைக்கு உரியது.

சங்க காலப் பரவல்

சங்கத் தொகைகளில் இப்பெயர் பூண்டோரின் பன்மை வியப்பளிப்பது. மணிமேகலை பாடிய மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரை யாவரும் அறிவர். பேரிசாத்தனார், மோசி சாத்தனார், அழிசி நச்சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் எனப் புலவர் நிரல் நீள்கிறது. காட்டில் மறைந்திருந்த குமணனைத் தேடிச் சென்று, அவன் தன் தலையையே தர முன்வந்தமையைப் பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். புரவலருள்ளும் சாத்தர் உளர். பாண்டியன் கீரஞ்சாத்தனும், சோழநாட்டுப் பிடவூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனும் புறநானூற்றில் பாடப்பெற்றோர். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின், அவனில்லாத நாட்டிலும் முல்லை பூத்ததைக் கண்டு குடவாயிற் கீரத்தனார் மனம் பொறாது வினவிய பாட்டு, தொகை நூல்களின் கையறுநிலைப் பாடல்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று.

பெண்பால் வடிவமும் வழக்கில் இருந்தது. முதல்நாள் தந்தையையும் மறுநாள் கணவனையும் போரில் இழந்தும், தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பிய மறக்குடிப் பெண்ணைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். சாத்தன் தந்தை 'சாத்தந்தை' என மருவியதையும் இலக்கணிகள் விளக்குகின்றனர். சாத்தந்தையார் என்றொரு புலவரும் புறநானூற்றில் உளர். ஒரு பெயர் தானாக நில்லாமல் மகளிர் பெயராகவும் முறைப்பெயராகவும் கிளைப்பது அதன் வேரூன்றிய நிலையைக் காட்டும்.

கடல் கடந்த சான்றும் உண்டு. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1978 தொடங்கி மேற்கொண்ட அகழாய்வில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் 'கணன்' என்றும் மற்றொன்றில் 'சாதன்' என்றும் உள்ளன. பின்னது ஒற்று இரட்டிக்காது எழுதிய சாத்தன் என்பதே. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. மிளகும் துணியும் ஏற்றிச் சென்ற வணிகன் ஒருவன் தன் கலத்தில் தன் பெயரைப் பொறித்துவைத்தான் போலும்.

பெயர்ப்பொருள்

பெயரின் பொருள் குறித்து இரு கருத்துகள் முதன்மையானவை. வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் 'சாத்து' என்னும் சொல்லோடு இணைப்பது ஒன்று. இது வடமொழியின் 'சார்த்த' என்பதோடு உறவுடையது. கழுதைகள் மீது மிளகுப் பொதி ஏற்றிச் செல்லும் சாத்தினைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கோவலன் தந்தை மாசாத்துவான் என்பதும் பெருஞ்சாத்துக்குத் தலைவன் என்னும் பொருளதே. சீத்தலைச் சாத்தனார் கூலவாணிகர் என்பதும், குசேர் ஓடு துறைமுகத்தில் கிடைத்தது என்பதும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. மற்றொன்று, ஆசான், நெறிப்படுத்துவோன் எனப் பொருள்படும் 'சாஸ்தா' என்பதன் வழியாகக் கொள்வது. அமரகோசம் இதனைப் புத்தரின் பெயர்களுள் ஒன்றாகச் சொல்லும். பாலி வழக்கில் 'சத்தா' என வருவதும் இதுவே.

இரண்டும் தம்மளவில் பொருந்துவன. ஆனால் எதுவும் தனித்து முழுமையாகப் பொருந்துவதில்லை. மறக்குடி பாடிய மாசாத்தியாரை வணிகக் குலத்தவர் எனவோ பௌத்தர் எனவோ கொள்ளச் சான்றில்லை. ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் வேலேந்திய வீரன். தோற்றம் எதுவாயினும், சங்க காலத்திற்குள்ளேயே பெயர் தன் தோற்றப் பொருளை இழந்து பொதுப்பெயராகி விட்டது என்பதே தகும். மணிமேகலை ஆசிரியர் பெயரை மட்டும் நோக்கிச் சாத்தர் அனைவரையும் பௌத்தராக்கும் முயற்சிகள் இதனை மறந்துவிடுகின்றன.

சிலப்பதிகாரத்தில் சாத்தன் தெய்வமாகவும் தோன்றுகிறான். கனாத்திறம் உரைத்த காதையில், மாற்றாள் குழந்தைக்கு மாலதி பால் புகட்ட, அது விக்கி இறக்கிறது. அவள் கோயில்தோறும் சென்று முறையிடுகிறாள். பாசண்டச் சாத்தன் இரங்கி, அக்குழந்தை வடிவில் வந்து, அவ்வீட்டிலேயே வளர்ந்து, தேவந்தியை மணந்து, எட்டாண்டு வாழ்ந்து மறைகிறான். மகனாக வந்த தெய்வம் இது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் தேவாரம் சாத்தனைச் சிவபெருமானின் மகனாகவே சுட்டுகிறது. இங்குதான் திருப்பம் நேர்கிறது எனலாம். தெய்வம் பெருநெறிக்குள் உயர உயர, அதன் பெயரை அடைமொழியின்றி மானிடர்க்கு வழங்குவது குறைகிறது. தெய்வம் ஐயனார் ஆகிறது, சாஸ்தா ஆகிறது. மக்கள் பெயர் சாத்தப்பன், சாத்தையா என மதிப்பு விகுதி ஏற்கிறது.

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. திருப்பரங்குன்றத்தில் கி.பி. 773இல் குடைவரைத் திருப்பணி செய்த பாண்டியப் படைத்தலைவன் சாத்தன் கணபதி. தந்தை பெயரை முன்வைக்கும் மரபின்படி இவன் சாத்தன் மகனான கணபதி. அவன் மனைவி நக்கன் கொற்றி. தந்தை பழம்பெயரினன், மகன் புராணப் பெயரினன். ஆனால் இதிலிருந்து விரைந்து முடிவு காணலாகாது. கி.பி. 849இல் கொல்லத்தில் எழுந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சான்றாளருள் முருகன் சாத்தன் என்பான் ஒருவன் உளன். இங்கு மகனே சாத்தன்.

கேரள வழக்கு

தமிழகத்தில் மதிப்பு விகுதிக்குள் ஒடுங்கிய பெயர், மலையாள நாட்டில் விகுதியின்றியே நெடுங்காலம் வாழ்ந்தது. ஆயின், அடித்தள மக்களிடையே வாழ்ந்தது. உயர்த்தப்பட்டோர் வடமொழிப் பெயர்களைத் தமக்கு ஒதுக்கிக்கொண்ட சமூகத்தில், சாத்தன் என்பது ஒடுக்கப்பட்டோர் பெயரெனவே கருதப்பட்டது. பறையி பெற்ற பன்னிருகுலம் என்னும் தொன்மத்தில் வரருசியின் மக்களுள் ஒருவன் அகவூர் சாத்தன். நம்பூதிரி இல்லத்தில் ஏவலாளன். பரப்பிரம்மம் எவ்வாறு இருக்கும் என அவன் வினவ, நம்பூதிரி ஏளனமாக, நம் எருமைக்கடா போல இருக்கும் என்கிறார். சாத்தன் அதனையே நம்பித் தியானிக்கிறான்; கடா அவன் கண்முன் வந்து நிற்கிறது, கற்ற எசமானர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வேவலாளனின் பெயர் சாத்தனாக அமைந்தது தற்செயலன்று. 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் புலையர் சமூகத் தலைவர் பி. கே. சாத்தன் மாஸ்டர் அமைச்சரானபோது, முருகன் சாத்தன் சான்றிட்ட நாட்டில் அப்பெயர் மீண்டும் அரசு ஆவணங்களில் இடம்பெற்றது.

அதே நாட்டில் 'குட்டிச்சாத்தன்' குறும்பு செய்யும் சிறுதெய்வமாயிற்று. வடகேரளத்தில் அதற்குத் தெய்யக் கோலமும் உண்டு. 1984இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தன்' என்னும் முப்பரிமாணத் திரைப்படம் இந்தியில் 'சோட்டா சேத்தன்' ஆனது வேடிக்கையான செய்தி. வடபுலத்தார்க்குச் சாத்தன் விளங்காமையால், உணர்வைக் குறிக்கும் வேறொரு சொல் அவன் இடத்தைப் பிடித்தது.

சாத்தான் எனும் ஒலி

எபிரேயத்தில் 'எதிர்நிற்பவன்' எனப் பொருள்படும் சொல் விவிலியத் தமிழில் சாத்தான் என நிலைபெற்றது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது தரங்கம்பாடியில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முதனிலை ஒற்றுமையைத் தவிர இரு சொற்களுக்கும் தொடர்பில்லை. பெயர் ஒடுங்கத் தொடங்கியதோ இதற்குப் பல நூற்றாண்டு முன்னர். மேலும், ஒலி அச்சமே காரணமெனின் நகரத்தாரிடையே சாத்தப்பனும் சாத்தையாவும் இன்றளவும் தொடர்வதற்கு விளக்கமில்லை. எனவே விவிலியச் சொல் பெயரை வீழ்த்தவில்லை. தளர்ந்த பெயர் மீண்டெழாதபடி வழியடைத்தது எனலே பொருந்தும்.

ஊர்ப்பெயர்களும் அவ்வாறே இன்று பிறழ உணரப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தைப் பேயோடு இணைத்துப் பேசுவோர், திருமூலர் வரலாற்றில் வரும் ஆயன் மூலனின் ஊர் சாத்தனூர் என்பதையும், நெல்லைப் பகுதியில் பங்குனி உத்திரத்தன்று குடும்பங்கள் நாடிச் செல்லும் குலதெய்வம் சாஸ்தாவே என்பதையும் எண்ணுவதில்லை.

கீழடியிலும் பிற இடங்களிலும் 'ஆதன்' எனப் பொறித்த ஓடுகள் கிடைத்தபின், அப்பெயரைக் குழந்தைகளுக்கு இடும் ஆர்வம் தமிழகத்தில் தோன்றியுள்ளது. குசேர் ஓட்டில் இருந்த சாத்தனுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. பள்ளி இலக்கண நூல்களிலும் இப்போது வருபவர்கள் கண்ணனும் முருகனுமே. கொற்றனும் உடன் விடைபெற்றுவிட்டான்.