சமோவாவில் செவிநல மருத்துவம்

தென் பசிபிக்கில் உபோலு, சவாயி என்னும் இரு பெருந்தீவுகளையும் சில சிறு தீவுகளையும் கொண்டு, 1962-இல் நியூசிலாந்தின் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற நாடு சமோவா. மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சம். கேள்விக்குறைவைக் கண்டறிதல், காது நோய்களைக் குணப்படுத்துதல், செவித்துணைக் கருவி பொருத்துதல், பொருத்திய கருவியைப் பேணுதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே செவிநல மருத்துவம். சமோவாவின் சிறப்பு மருத்துவம் பெரும்பாலும் தலைநகர் ஆப்பியாவிலுள்ள துப்புவா தமசேசே மெயாஓலே மருத்துவமனையைச் சார்ந்தே இருப்பதால், சவாயிவாசி ஒருவர் ஒரு மணி நேரத்துக்கும் மேலான படகுப் பயணத்தில் நீரிணையைக் கடந்து முலிஃபனுவாவில் இறங்கி, அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியாகத் தலைநகர் சேர வேண்டும்.

பசிபிக் தீவுகளின் குழந்தைகளிடையே பரவலாகக் காணப்படும் காது நோய் நாள்பட்ட நடுச்செவிச் சீழ்நோய் ஆகும். செவிப்பறையில் ஓட்டை விழுந்து, வாரக்கணக்கில் சீழ் வடிந்து, கேட்கும் திறன் மெல்லக் குறைவதே அதன் இயல்பு. ஒரு சமுதாயத்தில் இந்நோய் 4 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பெரும் பொதுநலச் சிக்கலாகக் கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இதற்கான முதல் மருத்துவம் மிக எளியது: தூய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதில் வைத்து, அது நனைந்ததும் எடுத்து வேறு திரி வைத்து, திரி நனையாமல் வரும்வரை உலர்த்திய பின் நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து விடுவார்கள். கிராமச் செவிலியர் ஒருவர் தாய்க்கு இதைக் கற்றுத்தந்துவிட முடியும் என்பதால், தடையாக நிற்பது அறுவை மருத்துவர் இன்மையைக் காட்டிலும், காது வடிவதை நோயாகக் கருதி உரிய காலத்தில் பார்ப்பதற்கு அருகில் ஆள் இன்மையே.

தடுப்பூசியும் செவிநலத்தின் பகுதியே. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றும் காது கேளாமையை உண்டாக்கக்கூடியவை. கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா குழந்தையைப் பிறவியிலேயே செவிடாக்கக்கூடும். 2018 ஜூலையில் இம்மூன்றுக்குமான தடுப்பூசி மருந்து தவறாகக் கலக்கப்பட்டு இரு குழந்தைகள் இறந்ததும், ஊசித் திட்டம் நிறுத்தப்பட்டு மக்களின் நம்பிக்கையும் சரிந்தது. மறு ஆண்டு பரவிய தட்டம்மையில் 5,700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, பெரும்பாலும் சிறு குழந்தைகளாக 83 பேர் இறந்தனர். 2019 டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டு, ஊசி போடாதோர் இருந்த வீடுகளின் முன் சிவப்புத் துணி கட்டப்பட, செவிலியர் வீடு வீடாகச் சென்றனர். இறப்புகள் எண்ணப்பட்டன, பிழைத்த குழந்தைகளின் செவிகளும் அதே அக்கறையுடன் பின்தொடரப்பட வேண்டியவை.

சமோவ மொழியில் ‘ஃபாய்’ என்றால் செய்தல். அதே சொல்லின் நடுவே குரல்வளையைக் கணநேரம் அடைத்து ஒலித்தால் வாழைப்பழம். இத்தகைய நுண்ணொலிகளைப் பிரித்தறியச் செவித்துணைக் கருவி உதவினாலும், அதைப் பெறுவதைவிட வைத்துக்கொள்வது கடினம். அதன் துத்தநாகக்காற்று மின்கலம் ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடும். வளரும் குழந்தையின் காது அச்சை, அதாவது காதுக்குள் பொருந்தும் வார்ப்பை, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடற்காற்றின் ஈரமோ கருவியின் உட்பகுதியைக் கெடுக்கும். 1995 முதல் ஆஸ்திரேலிய நிதியுதவியுடன் அறுவை மருத்துவர் குழுக்கள் பசிபிக் தீவுகளுக்கு வந்துபோகின்றன. அவர்களது பணி பெரிது எனினும், அடுத்த வாரம் தீரும் மின்கலத்துக்கு ஊரிலேயே ஒருவர் இருந்தாக வேண்டும்.

அத்தகையோரைத் தேடப் புதிய அமைப்பு தேவையில்லை. 1920-களிலிருந்து கிராமத் தூய்மையையும் தாய்சேய் நலத்தையும் பேணிவரும் மகளிர் குழுக்கள், அண்மைக் காலத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கண்டறியும் அரசுத் திட்டத்தில் பங்கேற்றுள்ளன. கைப்பேசியோடு இணைந்த கேட்புச் சோதனைக் கருவியை அவற்றிடம் சேர்ப்பது இயல்பான அடுத்த படி. ஆனால் ‘ஃபாலே’ எனப்படும் மரபு வீட்டுக்குச் சுவர் இல்லை. அலையோசையும் கோழிக்கூவலும் தடையின்றிப் புகுந்து மெல்லொலிகளை மூடிவிடுவதால் நன்கு கேட்கும் குழந்தையும் குறையுள்ளதாகப் பதிவாகக்கூடும். எனவே காதை முழுதும் மூடும் காதொலிப்பானும் சுற்றொலியை அளந்து எச்சரிக்கும் மென்பொருளும் சோதனைக்கு இன்றியமையாதவை.