வார நாளில் ஆளில்லாத நகரம்

ராபின்சன் குரூசோவை எழுதிய டேனியல் டீஃபோ இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்து ஒரு பயண நூலும் எழுதினார். அதன் முதல் பகுதி 1724இல் வந்தது. அதில் நார்விச் நகரைப் பற்றி ஒரு விசித்திரமான குறிப்பு இருக்கிறது. வார நாளில் ஒரு வெளியூர்க்காரர் குதிரையில் அந்த ஊருக்குள் போனால், ஆளே குடியிருக்காத ஊரோ என்று நினைத்துவிடுவார். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்தால், இவ்வளவு ஜனமும் எங்கேதான் தங்குகிறது என்று வாயைப் பிளப்பார். காரணம் ரொம்ப எளிது. வார நாளில் ஊரே கூரைக்கடியில் இருந்தது, மாடியறையில், தறியோடு.

இந்தக் குறிப்பைப் படித்த பிறகு நார்விச் என்னை விடவில்லை. நெசவாளர் வரலாறு என்றால் நமக்கெல்லாம் ஒரே கதைதான் தெரியும்: மான்செஸ்டர் இயந்திரம் வந்தது, நம் தறி நின்றது. கதை உண்மைதான். ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்னால் கதை தலைகீழாக ஓடியது. அப்போது பயந்து நடுங்கியவர் இங்கிலாந்து நெசவாளர். அவரைப் பயமுறுத்தியது நம் கரையிலிருந்து போன துணி.

முதலில் ஊரைப் பார்ப்போம். நார்விச் இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் வட்டாரத்தின் தலைநகர். பதினெட்டாம் நூற்றாண்டு தொடங்கும்போது லண்டனுக்கு அடுத்த பெரிய ஊர் அதுதான். சுமார் 30,000 பேர் இருந்தார்கள். 1752 கணக்கெடுப்பில் அது 36,000ஐத் தொட்டது. ஊரைச் சுற்றிப் பழைய மதில், உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள், நடுவில் ஒரு பெரிய சந்தை, குறுக்கே வென்சம் ஆறு. சாயப்பட்டறைகள் ஆற்றங்கரையில் இருந்தன. நார்விச் சிவப்பு என்றே ஒரு நிறத்துக்குப் பின்னாளில் பெயர் வந்தது. அந்தச் சிவப்புக்கு வேர்ச்சாயம் விற்ற இடத்துக்கு இன்றும் மேடர்மார்க்கெட் என்றுதான் பெயர். மேடர் என்பது நம் நாட்டு மருந்துக்கடை மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் சிவப்புக்குத் தோண்டி எடுத்த சாயவேரும் அதே தாவரக் குடும்பம்தான். இரண்டு கரையிலும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் சிவப்பை எங்கே தோண்ட வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

நார்விச்சின் துணி வொர்ஸ்டெட். நீள இழைக் கம்பளியைச் சீவி, நூற்று, மெலிதாக நெய்வது. கேம்லெட், கலமாங்கோ, பாம்பசீன், கிரேப் என்று அதற்கு எத்தனையோ பெயர்கள். ஒரு முழம் துணி கடைக்குப் போவதற்குள் எத்தனை கைகள் மாறுகிறது பாருங்கள். கம்பளி சீவுபவர் கரி அடுப்பில் சீப்பைச் சூடாக்கி, அந்தப் புகையிலேயே நாள் முழுக்க நிற்பார். அவர் சீவியதை நூற்பது பெண்களும் பிள்ளைகளும். அவர்களில் பெரும்பாலோர் நகரத்தில் இல்லை, நார்ஃபோக், சஃபோக் கிராமங்களின் வீட்டு வாசலில் இருந்தார்கள். நூல் நகரத்துக்கு வந்தால் முறுக்குபவர், நெசவாளர், சாயமிடுபவர், துணியைச் சூடேற்றி அழுத்திப் பளபளப்பாக்குபவர் என்று வரிசை நீளும். கடைசியில் வியாபாரி. இந்த ஊரின் தொழிலை நம்பி 1,20,000 பேர் பிழைக்கிறார்கள் என்று டீஃபோ எழுதினார். கூட்டிச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆனாலும் நகரத்தின் ஜனத்தொகையைவிடப் பல மடங்கு ஆட்கள் அதன் தறிக்காக உழைத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இந்த மனிதர்களை இன்று எங்கே தேடுவது? பதினெட்டாம் நூற்றாண்டு நார்விச்சில் ஏழு வருஷம் தொழில் பழகி முடித்தவர் நகர உரிமை பெறலாம். உரிமை பெற்றால் ஓட்டு உண்டு. அந்தக் காலத்தில் ரகசிய வாக்கெடுப்பு கிடையாது, அது 1872இல்தான் வந்தது. ஆகவே தேர்தல் முடிந்ததும் வாக்காளர் பெயர், தொழில், யாருக்குப் போட்டார் என்பதையெல்லாம் அச்சடித்தே விற்றார்கள். அந்தப் பதிவேடுகளில் தச்சர், ரொட்டிக்காரர், செருப்புத் தைப்பவர், சவரத் தொழிலாளி எல்லாரும் வருகிறார்கள். மிக அதிகமாகக் கண்ணில் படும் சொல் வொர்ஸ்டெட் நெசவாளர். இன்னொரு ஆவணம் 1783இல் வில்லியம் சேஸ் வெளியிட்ட நார்விச் முகவரி நூல். யார் எந்தத் தெருவில் என்ன தொழில் செய்கிறார் என்ற பட்டியல். ஆனால் முகவரி நூலில் முதலாளிகளும் கடைக்காரர்களும்தான் உண்டு, தினக்கூலி நெசவாளருக்கு அதில் இடமில்லை. வாக்குப் பதிவேட்டில் பெண்களுக்கு இடமில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தாலும் நூல் நூற்ற பெண் எதிலும் இல்லை. ஊரின் ஆடையெல்லாம் அவள் விரலிலிருந்து தொடங்கியது.

எல்லாப் பெண்களும் மறைந்துவிடவில்லை. லண்டனுக்கு வெளியே அச்சான முதல் செய்தித்தாள்களில் ஒன்று 1701இல் பிரான்சிஸ் பர்ஜஸ் தொடங்கிய நார்விச் போஸ்ட். அவர் 1706இல் இறந்ததும் பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தியது அவர் மனைவி எலிசபெத் பர்ஜஸ். 1707 வாக்கில் இந்த ஒரே ஊரில் மூன்று செய்தித்தாள்கள் ஓடின. தறிக்காரர்கள் ஊரில் மூன்று பேப்பர்! வாசகர்கள் இல்லாமல் அது நடந்திருக்குமா?

இப்போது துணிக்கு வருகிறேன். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் பருத்தித் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றியது. சென்னப்பட்டணமும் கடலூரும் கம்பெனியின் கோட்டை ஊர்கள் ஆனதற்கே துணி ஒரு முக்கியக் காரணம். நாம் சீட்டித் துணி என்று சொல்கிறோமே, அதுதான் அங்கே சின்ட்ஸ். அச்சிட்ட பருத்திக்குப் பொதுவாகக் காலிகோ என்று பெயர், கோழிக்கோட்டிலிருந்து வந்த சொல். நிறம் போகாது, துவைக்கலாம், லேசானது, விலையும் கம்மி. கம்பளியையே கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எஜமானியும் வேலைக்காரியும் ஒரே பூப்போட்ட துணியில் வருகிறார்களே, யார் யாரென்றே தெரியவில்லையே என்பது அந்தக் காலப் பெரிய மனிதர்களின் புலம்பல்.

நெசவாளர்கள் சும்மா இருக்கவில்லை. அச்சிட்ட இந்தியத் துணியை உள்நாட்டு விற்பனைக்கு இறக்குமதி செய்யக் கூடாது என்று 1700இல் சட்டம் வந்தது. ஆனால் வெள்ளைத் துணி வரலாம். லண்டன்காரர்கள் வெள்ளைத் துணியை இறக்கி அங்கேயே அச்சடித்தார்கள். தொழில் முன்பைவிடப் பெரிதானது. 1719 ஜூனில் லண்டன் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். காலிகோ கட்டிய பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள், அமிலம்கூட வீசினார்கள். ‘காலிகோ மேடம்’ என்பது அந்தப் பெண்களுக்கு வைத்த கேலிப் பெயர். டீஃபோ ராபின்சன் குரூசோவை வெளியிட்டதும் அதே 1719இல்தான். அதே வருஷம் நெசவாளர் தரப்புக்காக ‘தி மேனுஃபாக்சரர்’ என்ற இதழில் எழுதத் தொடங்கியவரும் அவர்தான்.

நார்விச்சில் அது 1720 செப்டம்பரில் வெடித்தது. கூட்டம் பெண்களின் உடலில் இருந்த கவுன்களை அப்படியே வெட்டிக் கிழித்தது. கடைகளுக்குள் புகுந்து காலிகோவைப் பறித்தது. தடுக்க வந்த காவலர்களை அடித்தது. கடைசியில் நகரத்தின் ஆயுதப் படையைத் திரட்டிய பிறகே கலைந்தது.

இந்த இடத்தில் நான் யார் பக்கம் நிற்பது? கூட்டத்தின் பசி பொய்யில்லை. தறி நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அந்தக் கோபம் கம்பெனிப் பங்குதாரரின் வீட்டுக்குப் போகவில்லை. தெருவில் தனியாக நடந்துபோன பெண்ணின் மேல் போனது. அவளும் ஒருவேளை நெசவுக்காரர் வீட்டுப் பெண்தான். இன்னொன்றும் உறுத்துகிறது. நார்விச் நெசவுக்குப் புது உயிர் கொடுத்தவர்களே அகதிகள். 1565இல் நகரம் முப்பது டச்சு, வாலூன் நெசவுக் குடும்பங்களை அழைத்துக் குடியமர்த்தியது. ஊர் அவர்களுக்கு வைத்த பெயரே அந்நியர்கள் என்பதுதான். பதினைந்து வருஷத்துக்குள் நகரத்தில் மூன்றில் ஒருவர் அவர்களாக இருந்தார்கள். புது வகைத் துணியும் கேனரிக் குருவியும் அவர்களோடு வந்தவை என்பார்கள். அந்த ஊரின் கால்பந்து அணிக்கு இன்றைக்கும் கேனரிகள் என்றுதான் பெயர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்த அந்நியர்களின் பேரப்பிள்ளைகளும் நிறைந்த ஊர் அந்நியத் துணியைக் கிழித்தது. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் என்பதால் மட்டும் நாம் பிறர்மேல் பரிவுடையவர்கள் ஆகிவிடுவதில்லை. மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கலவரம் ஜெயித்தது. 1721இல் நாடாளுமன்றம் காலிகோ சட்டத்தை நிறைவேற்றியது. 1722 கிறிஸ்துமஸிலிருந்து அச்சிட்ட காலிகோ உடுத்தினால் 5 பவுண்டு அபராதம், விற்றால் 20 பவுண்டு. முழுக்க நீலச் சாயமிட்ட துணிக்கும் மஸ்லினுக்கும் விலக்கு இருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகள் நார்விச்சுக்கு நல்ல காலம். வியாபாரிகள் சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒட்டிய மாதிரிப் புத்தகங்களை ஐரோப்பா முழுக்க அனுப்பினார்கள். 1763இல் ஜான் கெல்லி என்ற வியாபாரி ஸ்பெயினுக்கும் லிஸ்பனுக்கும் அனுப்பிய மாதிரிகளின் பிரதி ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரில் காசு புழங்கியது. 1754இல் அசெம்ப்ளி ஹவுஸ், 1756இல் எண்கோண வடிவத் தேவாலயம், 1770இல் கர்னி குடும்பத்தின் வங்கி, 1771இல் மருத்துவமனை. 1775இல் முதல்முறை வந்து பார்த்த பாதிரியார் ஜேம்ஸ் வுட்ஃபோர்டு இங்கிலாந்திலேயே அழகான நகரம் இதுதான் என்று டைரியில் குறித்தார். அடுத்த வருஷம் பக்கத்துக் கிராமத்துக்கே குடிவந்தார். பிறகு சந்தையில் எந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதையெல்லாம் பென்னி சுத்தமாக எழுதிவைத்தார்.

ஆனால் நல்ல காலம் எல்லாருக்கும் வரவில்லை. 1752இல் சங்கத்தில் சேராத ஒரு ஆளை வேலைக்கு வைத்ததை எதிர்த்துக் கம்பளி சீவுபவர்கள் சுமார் 300 பேர் ஊரைவிட்டே கிளம்பி, ராக்ஹீத் வெளியில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தம் என்ற சொல் பரவாத காலம் அது. 1766 செப்டம்பரில் ரொட்டி விலை ஏறியதும் கூட்டம் மாவை ஆற்றில் கொட்டியது, ஒரு பெரிய களஞ்சியத்துக்குத் தீ வைத்தது. அடுத்த ஜனவரியில் இருவரைத் தூக்கிலிட்டார்கள். பெண்களின் கவுனைக் கிழித்த கலவரத்துக்குச் சட்டம் கிடைத்தது. ரொட்டி கேட்ட கலவரத்துக்குக் கயிறு கிடைத்தது. வியாபாரிகளின் லாபத்தோடு சேர்ந்த கோபத்தை நாடாளுமன்றம் காது கொடுத்துக் கேட்கும். சேராத கோபத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

நல்ல காலமும் நீடிக்கவில்லை. இந்தியத் துணிக்குக் கதவைச் சாத்திய சட்டத்தின் நிழலில் லங்காஷயரின் பருத்தித் தொழில் மெல்ல வளர்ந்தது. லினன் இழைப் பாவும் பருத்தி ஊடையும் கலந்த துணியில் அச்சடிக்க 1736இல் அனுமதி கிடைத்தது. 1774இல் இங்கிலாந்தில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கும் தடை நீங்கியது. மலிவான லங்காஷயர் பருத்தி வந்ததும் பெண்கள் நார்விச் கம்பளியை விட்டார்கள். யார்க்ஷயரின் மலிவு வொர்ஸ்டெட் இன்னொரு பக்கம் நெருக்கியது. 1780களில் நார்விச்காரர்கள் காஷ்மீர் சால்வையைப் பார்த்து அதே மாதிரி நெய்யத் தொடங்கினார்கள்! 1793இல் பிரான்சோடு போர் மூண்டு ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது தறிகளை ஓட வைத்தது யார் தெரியுமா? சீனாவுக்கு அனுப்ப கேம்லெட் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி. எந்தக் கம்பெனியின் சரக்கைத் தாத்தா தெருவில் கிழித்தாரோ, அதே கம்பெனியின் ஆர்டருக்குப் பேரன் காத்திருந்தார்.

அந்த லங்காஷயர் பருத்திதான் பிறகு கப்பலேறி நம் கரைக்கு வந்தது. நார்விச் மாடியறைத் தறியையும் சோழமண்டலக் குழித்தறியையும் அது அடுத்தடுத்துச் சாய்த்தது. ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைத்த இரண்டு நெசவாளர்களும் ஒரே கையால் தோற்றார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. நார்விச் நெசவாளருக்கு ஓட்டு இருந்தது, பேப்பர் இருந்தது, ஒருமுறையாவது அவருக்காகச் சட்டம் வந்தது. நம் நெசவாளருக்கு அது எதுவும் இல்லை. நார்விச்காரரின் பெயரை ஒரு வாக்குப் பதிவேட்டில் இன்றும் தேடி எடுக்கலாம். அவர் கிழித்த சீட்டியில் பூ வரைந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் போட்ட சிவப்பு மட்டும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இன்னும் வெளுக்காமல் இருக்கிறது.