ஆலயத்தின் அரண் அயலாரே

யூபிலி விழாக் காணும் இந்நன்னாளில் நம் பங்கின் முன்னோரை நன்றியோடு நினைவுகூருகின்றோம். கல் சுமந்தோரையும் காணிக்கை ஈந்தோரையும் என்றும் மறவோம். ஆனால் எழுப்பிய ஆலயத்தைக் காப்பவர் யார்? மதிற்சுவரா? பூட்டா? இண்டூரில் நாம் அச்சமின்றித் திருப்பலிக்குச் சென்று வருகிறோம் என்றால், அதில் நம்மைச் சூழ வாழும் பிற சமயச் சகோதரர்க்கும் பங்குண்டு. இவ்வுண்மையை நன்கு உணர்த்துவது, கடலுக்கு அப்பால் நம் தாய்மொழி பேசும் இலங்கைக் கத்தோலிக்கரின் வரலாறு.

மாந்தையிலிருந்து மடுவுக்கு

1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயின. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே, ஆயினும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருக்களுக்குப் புகலிடம் தருவோர்க்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். ஆலயங்கள் பறிபோயின. அந்த வேத கலாபனையின்போது, 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து 20 குடும்பத்தார் தங்கள் அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு காடு நோக்கிப் புறப்பட்டனர். அவர்கள் தஞ்சம் புகுந்த மருதமடுவே இன்று உலகறிந்த மடுத் திருத்தலம். கட்டடத்தை இழந்தார்கள், விசுவாசத்தையும் ஒற்றுமையையும் இழக்கவில்லை.

குருக்களின்றித் தவித்த அம்மக்களைத் தேடி, 1687இல் ஜோசப் வாஸ் அடிகளார் எளிய கூலியாள் போல் வேடமிட்டு வந்தார். 1692இல் அவர் கண்டியை அடைந்தபோது, ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிலிட்டனர். பின்னர் உண்மையறிந்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு விடுதலை தந்து, மறைப்பணி ஆற்றவும் இசைந்தார். மன்னரோ பௌத்தர்! கிறிஸ்தவர் துரத்திய கத்தோலிக்கக் குருவுக்குப் பௌத்த மன்னர் நிழல் தந்தார். நல்ல சமாரியன் எந்தக் குலத்தில் பிறப்பான் என்று யார் சொல்ல வல்லார்? அந்த அடிகளாருக்கே 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். அன்றே மடு அன்னையின் திருத்தலத்திலும் செபித்தார்.

போர்க்காலப் புகலிடம்

உள்நாட்டுப் போரின்போது மடு வளாகம் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு வீடாயிற்று. அதனை ஆயுதம் நுழையாத இடமாக வைத்திருக்கத் திருச்சபை அரும்பாடுபட்டது. எனினும் 1999 நவம்பரில் குண்டுகள் வீழ்ந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் போர் மீண்டும் நெருங்கவே, குருக்கள் திருச்சுரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். 1670இல் நிகழ்ந்தது மறுபடியும் நிகழ்ந்தது. அன்னை அவ்வாண்டு ஆகஸ்டில் மடு திரும்பினார். ஆயுதம் ஏந்தியோர் மதிக்காவிடில், புனித எல்லை என்ற சொல் மட்டும் எவரையும் காவாது என்பதை இதனால் அறிகின்றோம்.

உயிர்ப்பு ஞாயிறு

2019 ஏப்ரல் 21, ஆண்டவரின் உயிர்ப்புப் பெருவிழா. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மட்டக்களப்பில், பெரும் பையோடு வந்த அந்நியனை ஆலய உறுப்பினர் ஒருவர் வாசலிலேயே விசாரித்து, உள்ளே விட மறுத்தார். முற்றத்தில் அவரும் சிறுபிள்ளைகள் பலரும் உயிர் துறந்தனர். உள்ளே கூடியிருந்த நூற்றுக்கணக்கானோர் பிழைத்தனர்.

நெஞ்சை அறுக்கும் உண்மை வேறொன்றுண்டு. தாக்குதல் பற்றி இந்தியா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. கொலைக் கூட்டத்தின் தலைவனைப் பற்றி அவன் ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்னரே முறையிட்டிருந்தனர். அந்தக் குரல்கள் செவியேறவில்லை. ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில், ஐயத்திற்குரிய அந்நியரைப் பற்றி அவ்வூர் முஸ்லிம்கள் தகவல் தரவே, எஞ்சியோர் பதுங்கியிருந்த வீடு கண்டுபிடிக்கப்பட்டது.

ஆயினும் அடுத்த மாதமே குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் சில ஊர்களில் தாக்கப்பட்டன. பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் தம் மக்களிடம் மன்றாடினார். தன் ஆலயம் சிதைந்த வேதனையிலும் அயலாரின் பள்ளிவாசலுக்காகப் பேசுவதன்றோ கிறிஸ்தவம்!

நம் கடமை

அன்பார்ந்த பங்கு மக்களே! திருவிழாக் காலங்களில் வாசலில் நின்று வருவோரை அன்போடும் விழிப்போடும் வரவேற்போம். ஐயம் எழுந்தால் காலந்தாழ்த்தாது பங்குத்தந்தைக்கும் காவல் துறைக்கும் தெரிவிப்போம். எல்லாவற்றிற்கும் மேலாக, அயலாரின் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தீங்கு வருமாயின், முதலில் ஓடிச் செல்பவர்கள் நாமாக இருப்போம். ஆபத்து வந்தபின் நட்பைத் தேட முடியாது. அவர்கள் வீட்டு நன்மை தீமைகளில் இன்றே கலந்துகொள்வோம். நம் முன்னோர் கட்டிய ஆலயத்துக்கு நாம் எழுப்பும் மதில் அதுவே. மடு அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக!